தோட்டத்திலிருந்து பதவிக்கு, பதவியிலிருந்து தோட்டத்திற்கு

கல்வி நிலையங்களில் ஒருவருடைய உயர்வை அளப்பதற்கு நாம் கைக்கொண்டிருக்கும் அளவுகோல் பெரும்பாலும் பதவியே. விரிவுரையாளர் துறைத்தலைவராகிறார், துறைத்தலைவர் முதல்வராகிறார், முதல்வர் அதற்கும் மேலான இருக்கைகளை எண்ணிப் பார்க்கிறார். வாழ்த்து மடல்களும் பொன்னாடைகளும் இந்தப் படிகளில்தான் காத்திருக்கின்றன. படி ஏறியவர், தாம் கற்ற துறையை எந்தப் படியில் விட்டுவிட்டு வந்தார் என்று கேட்பவர் அரியர். வகுப்பறையில் வல்லவர் என்று பெயர் பெற்ற ஒருவர், பொறுப்பேற்ற சில ஆண்டுகளில் சுற்றறிக்கைகளுக்கும் தரமதிப்பீட்டுக் கோப்புகளுக்கும் இடையே மறைந்துபோவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கோப்புகள் உயர உயர, அவர் படிப்பதும் எழுதுவதும் குறைந்துகொண்டே வருகின்றன. இழப்பு அவருக்கு மட்டுமன்று, துறைக்கும் மாணவருக்கும்தான்.

இதற்கு மருந்து பதவியை வெறுப்பதன்று. யாரோ ஒருவர் கல்லூரியை நடத்தித்தான் ஆகவேண்டும். கற்றவர் விலகிக்கொண்டால் கல்லாதவர் அந்த இருக்கையை நிரப்புவர். ஆகவே, பதவிக்குத் தாம் பணியாளாகாமல், பதவியைத் தம் துறைக்குப் பணியாளாக்கிய ஒருவருடைய வாழ்வை எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கும். அத்தகையவர் அமெரிக்க நாட்டின் தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. தமிழ்த்துறை மலரில் தோட்டக்கலைப் பேராசிரியருக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். அறிவுத் துறைகள் பலவாயினும் ஆசிரியர் என்னும் இனம் ஒன்றே என்பது நம் முதல் விடை. அவர் செடிகளை வளர்த்ததோடு சொற்களையும் வளர்த்தவர் என்பது இரண்டாவது விடை.

பழத்தோட்டத்தில் பிறந்த கல்வி

பெய்லி 1858ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரையை ஒட்டிய சவுத் ஹேவன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பழத்தோட்டம் வைத்திருந்த உழவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்த அவருக்குத் தோட்டமும் சுற்றியிருந்த காடுமே தொடக்கப் பள்ளிகளாயின. ஒட்டுக்கட்டும் கலையைச் சிறுவனாயிருந்தபோதே கைவரப் பெற்றார். ஒரு மரத்தின் கிளையை மற்றொரு மரத்தின் தண்டில் பொருத்தி இரண்டையும் ஓருயிராக்கும் அந்தக் கைத்திறனே அவருடைய வாழ்வின் பிற்காலப் பணிகளுக்கும் உவமையாக அமைந்துவிட்டது எனலாம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஒரு புதுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. 1862ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மோரில் சட்டம், மாநிலந்தோறும் வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ நடுவண் அரசின் நிலங்களை வழங்கியது. உழவர் மகனும் உயர்கல்வி பெறலாம் என்னும் கதவு திறந்தது. 1857இலேயே தொடங்கப்பட்டுவிட்ட மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியும் இச்சட்டத்தின் பயனைப் பெற்றது. அக்கல்லூரியில் பயின்று 1882இல் பட்டம் பெற்றார் பெய்லி. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் வில்லியம் பீல் என்னும் தாவரவியல் அறிஞர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், அந்நாட்டுத் தாவரவியலின் தலைமகனாக விளங்கிய ஆசா கிரே அவர்களிடம் உதவியாளராக அமர்ந்தார். உலர்த்தப்பட்ட செடிகளை வகைப்படுத்தி அடுக்கும் பணி அது. அந்த வழியிலேயே சென்றிருந்தால் புகழ்பெற்ற தாவரவியலாளர் வரிசையில் அவர் எளிதில் இடம் பெற்றிருப்பார்.

ஆனால் 1885இல் அவர் ஒரு முடிவு எடுத்தார். தாம் படித்த மிச்சிகன் கல்லூரிக்கே திரும்பித் தோட்டக்கலைப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். தாவரவியல் அன்று அறிவியல். தோட்டக்கலையோ தோட்டக்காரனின் கைவேலை. ஆய்வுக்கூடத்தை விட்டு மண்வெட்டி பிடிக்கப் போனவரை நண்பர்கள் சிலர் அறிவுலகத்திற்கு இழப்பென்றே கருதினர். பெய்லியின் எண்ணம் வேறாக இருந்தது. காட்டுச் செடியை ஆராய்வது அறிவியலானால், மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக உடன்வைத்து வளர்த்த ஆப்பிளையும் முட்டைக்கோசையும் ஆராய்வது மட்டும் ஏன் அறிவியலாகாது? உழைக்கும் கைகள் சேர்த்துவைத்த அறிவுக்குப் பல்கலைக்கழகத்தில் சமமான இருக்கை வேண்டும் என்பதே அவர் கேள்வியின் உட்பொருள். தோட்டக்கலைக்கென்றே தனியான ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றை அவர் திட்டமிட, 1888இல் அது மிச்சிகனில் எழுந்தது. அமெரிக்காவில் அவ்வகையில் முதலாவது என்று அதனைப் போற்றுவர்.

அதே 1888இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே கண்ணாடிக் கூடங்களுக்குள் மின்விளக்கொளியில் செடிகளை வளர்த்து அவற்றின் வளர்ச்சியை ஆராய்ந்தார். கலப்பினச் சேர்க்கை பற்றி எழுதினார். 1892இல் வெளியான அவருடைய எழுத்தொன்றின் இறுதியில் அமைந்த நூற்பட்டியலில், 1866இல் அச்சேறி உலகத்தால் மறக்கப்பட்டுக் கிடந்த மெண்டலின் கட்டுரையும் இடம்பெற்றிருந்தது. அக்கட்டுரையைப் பெய்லி தாமே படித்திருக்கவில்லை. வேறொரு நூலிலிருந்து குறிப்பை எடுத்துச் சேர்த்திருந்தார். மெண்டலின் கொள்கையை 1900இல் உலகுக்கு மீட்டுத் தந்தவர்களுள் ஒருவரான டி விரீஸ், அந்தப் பட்டியல் வழியாகவே மெண்டலைத் தாம் அறிய நேர்ந்ததாகப் பெய்லிக்குப் பின்னாளில் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் இதனை முழுதும் ஏற்பதில்லை. எனினும் ஆய்வேட்டின் நூற்பட்டியலைச் சடங்காக எண்ணும் மாணவர்கள் இச்செய்தியை மனத்திற்கொள்வது நல்லது.

கல்லூரி ஊருக்குச் சென்றது

பேராசிரியர் நிர்வாகியான கதை இனித்தான் தொடங்குகிறது. 1890களில் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. விளைபொருளுக்கு விலையில்லை, உழவர் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பழத்தோட்ட உழவர்களுக்கு உதவும் ஆய்வுகளுக்காக நியூயார்க் மாநில அரசு 1894இல் சிறு தொகை ஒன்றைக் கார்னெலுக்கு வழங்கியது. அதனைக்கொண்டு பெய்லியும் அவர்தம் தோழர்களும் ஆய்வுக்கூடத்திற்குள் அடைந்து கிடக்கவில்லை. தோட்டந்தோட்டமாகச் சென்றனர், நோயுற்ற மரத்தடியிலேயே நின்று பாடம் சொன்னார்கள். எளிய நடையில் சிறு வெளியீடுகளை அச்சிட்டு உழவர் வீடுகளுக்கு அனுப்பினர். கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்காக இயற்கைக் கல்வித் துண்டு வெளியீடுகள் எழுந்தன. புத்தகத்தைப் படிக்குமுன் புழுவையும் பூவையும் பறவையையும் கண்ணால் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதே அவற்றின் நோக்கம். அப்பணியில் பெரும்பங்கு ஏற்றவர் அன்னா காம்ஸ்டாக் அம்மையார். கல்லூரிக்கு வர இயலாதவர்களிடம் கல்லூரியே செல்லும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று விரிவாக்கப் பணி என்று வழங்குகிறோம்.

1903இல் பெய்லி வேளாண்மைக் கல்லூரியின் தலைவரானார். தோட்டக்கலை அறிவியலுக்கான அமெரிக்கச் சங்கம் அவரையே முதல் தலைவராகக் கொண்டு அமைந்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு பெரும்போராட்டத்தை அவர் நடத்த வேண்டியிருந்தது. கார்னெலின் வேளாண்மைக் கல்லூரியை மாநிலக் கல்லூரியாக ஏற்று, கட்டடங்களுக்கு இரண்டரை இலட்சம் டாலர் ஒதுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அம்மாநிலத்தின் வேறு கல்லூரிகள் சில இதனைக் கடுமையாக எதிர்த்தன. ஆனால் பல ஆண்டுகளாகத் தங்கள் தோட்டத்து வாயிலில் கண்ட ஆசிரியர்களுக்காக உழவர் அமைப்புகள் எழுந்து நின்றன. 1904இல் சட்டம் நிறைவேறிற்று. பரிந்துரைக் கடிதங்களால் பெறாத ஒன்றை, செய்துவைத்த தொண்டினால் அவர் பெற்றார். நிர்வாகிகள் பயிலவேண்டிய பாடம் இதில் உண்டு. நிறுவனம் மக்களுக்கு என்ன செய்தது என்பதுதான் அதற்கு இக்கட்டான நாளில் கைகொடுக்கும் வைப்புநிதி.

பெண்களுக்குத் திறந்த கதவு

உழவருக்குப் பாடம் அனுப்பிய பெய்லிக்கு, உழவரின் இல்லத்தரசியை மறந்துவிட்டோம் என்பது விரைவில் புலப்பட்டது. 1900இல் மார்த்தா வான் ரென்சலர் என்னும் அம்மையாரை அழைத்தார். பள்ளிகளின் மேற்பார்வையாளராகக் கிராமங்களைச் சுற்றியவர் அவர். கிராமப் பெண்களுக்காக அவர் தொடங்கிய வாசிப்புத் திட்டத்தின் முதல் வெளியீட்டின் பொருள், வீட்டு வேலையில் நடையை மிச்சப்படுத்துவது எப்படி என்பதே. சமையலறைக்கும் நீர் எடுக்கும் இடத்திற்கும் ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறோம் என்று எண்ணிப்பார்க்கும் வழக்கம் அதுவரை எந்தப் பல்கலைக்கழகத்திற்கும் இருந்ததில்லை. பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1907இல் மனையியல் ஒரு துறையாயிற்று.

1911இல் மார்த்தாவையும் அவருடன் பணியாற்றிய ஃப்ளோரா ரோஸ் அம்மையாரையும் முழுப்பேராசிரியர்களாக அமர்த்தும் கேள்வி எழுந்தது. கார்னெலில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்நிலையை எட்டியதில்லை. பெண்களைப் பேராசிரியராக்குவதைப் பொதுவாகத் தாங்கள் விரும்பவில்லை என்றும், மனையியல் துறையளவில் மட்டும் தடை சொல்லவில்லை என்றும் ஆசிரியர் அவை முகத்தைச் சுளித்துக்கொண்டே இசைந்தது. பெய்லி அந்த இசைவைப் பெற்றுக்கொண்டு இருவரையும் அமர்த்தினார். வீட்டு வேலையும் அறிவுக்கு உரிய பொருளே என்பதும், அதனை அறிந்தவரும் பேராசிரியராகத் தக்கவரே என்பதும் தோட்டக்கலைக்காக அவர் முன்னர் எழுப்பிய அதே கேள்வியின் விடைகள்தாம். தம் துறைக்குக் கேட்ட நீதியைப் பிறர் துறைக்கும் வழங்கியவரே நல்ல நிர்வாகி.

அவருடைய புகழ் தலைநகரையும் எட்டியது. 1908இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் நாட்டுப்புற வாழ்வு பற்றி ஆராய அமைத்த ஆணையத்திற்குப் பெய்லி தலைவரானார். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வினாப் படிவங்கள் அனுப்பப்பட்டன. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. 1909இல் வெளிவந்த அறிக்கை, நாடு தழுவிய விரிவாக்கப் பணி தேவை என்று வலியுறுத்தியது. 1914ஆம் ஆண்டின் சுமித்-லீவர் சட்டம் அதனைச் செயலாக்கிற்று. வேளாண்மைக் கல்வி, ஆய்வு, விரிவாக்கம் மூன்றும் ஒரே நிறுவனத்தில் இணைந்த இம்முறையே விடுதலைக்குப் பின் இந்திய வேளாண்மைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1971இல் கோவையில் தோன்றிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அம்மரபில் வந்ததே.

பதவி நீங்கிய பின்னர்

பெய்லியின் வாழ்வில் நம்மை மிகவும் வியக்கவைப்பது இனி வருவது. 1913இல், கல்லூரி தழைத்து, மாணவர் பெருகி, செல்வாக்கு உச்சியிலிருந்தபோது, தம் 55ஆம் வயதில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கற்பதற்கு 25 ஆண்டு, பொருளீட்டிப் பணியாற்ற 25 ஆண்டு, தம் விருப்பப்படி தொண்டு செய்ய 25 ஆண்டு என்று இளமையிலேயே அவர் வகுத்துக்கொண்டிருந்ததாகக் கூறுவர். மூன்றாம் பகுதி 25 ஆண்டில் முடியவில்லை. 41 ஆண்டுகள் நீண்டது.

அந்த ஆண்டுகளில் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஆறு தொகுதிகள் கொண்ட தோட்டக்கலைக் கலைக்களஞ்சியம் 1914 முதல் 1917 வரை வெளிவந்தது. 1915இல், மனிதன் நிலத்தின் உரிமையாளன் அல்லன், காப்பாளனே என்னும் கருத்தை வலியுறுத்தும் நூலொன்றை எழுதினார். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைமை 1926இல் அவரைத் தேடி வந்தது. மகள் எத்தெல் அம்மையாருடன் சேர்ந்து தொகுத்த தோட்டச் செடிகளின் அகராதி 1930இல் வெளிவந்தது. தாம் சேர்த்த உலர்செடித் தொகுப்பையும் நூலகத்தையும் 1935இல் கார்னெலுக்கே கொடையாக வழங்கினார். வாழ்நாளில் அவர் எழுதிய நூல்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை.

முதுமையில் அவர் உள்ளத்தை ஈர்த்தது பனையினம். ஓலை, மட்டை, பாளை, குலை என்று எல்லாமே பெரிதாக இருப்பதால் பனையை உலர்த்தித் தாளில் ஒட்டுவது அரிய செயல். ஆகவே செடி சேகரிப்போர் அதனை ஒதுக்கியே வந்தனர். ஒதுக்கப்பட்டதைத் தேடிப் போவது பெய்லியின் இயல்பு. மேற்கிந்தியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும் காடுகளுக்குள் புகுந்து பனைகளைத் திரட்டினார். 1948இல் அவருடைய 90ஆம் பிறந்த நாளைக் கொண்டாடப் பல்கலைக்கழகம் முனைந்தபோது, விழா நாயகர் மேற்கிந்தியத் தீவுகளில் பனை தேடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வரும்வரை விழா காத்திருக்க நேர்ந்தது. 1954 டிசம்பர் 25ஆம் நாள், தம் 96ஆம் வயதில் அவர் மறைந்தார். நூற்றாண்டு நிறைந்த 1958இல் அமெரிக்க அரசு தோட்டக்கலையைப் போற்றும் அஞ்சல்தலை வெளியிட்டு அவரை நினைவுகூர்ந்தது.

பெயரிடும் பணி

தமிழாசிரியர்களாகிய நம்மை அவரோடு நெருங்கச் செய்வது ஒன்று உண்டு. காட்டில் தோன்றிய செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்திருந்தது. மனிதன் கைபட்டுத் தோன்றிய வகைகளைக் குறிக்கப் பொருத்தமான பொதுச்சொல் இருக்கவில்லை. பெய்லி 1918இல் ‘கல்டிஜென்’ என்ற சொல்லையும், 1923இல் ‘கல்டிவர்’ என்ற சொல்லையும் படைத்தார். சாகுபடியில் மட்டுமே அறியப்படும் இனத்தை முதற்சொல் குறித்தது. சாகுபடியில் தோன்றிப் பேணப்படும் வகையை இரண்டாவது சொல் குறித்தது. பயிர்களுக்குப் பெயரிடுவதற்கான அனைத்துலக விதித்தொகுப்பு 1953இல் வெளிவந்தபோது இரண்டாவது சொல் அதில் இடம்பெற்றது. நம் சந்தையில் இமாம்பசந்து, மல்கோவா, பங்கனப்பள்ளி என்று பிரித்துக் கேட்கிறோமே, அவை யாவும் மா என்னும் ஒரே இனத்தின் ‘கல்டிவர்’களே. பூவன், மொந்தன், நேந்திரன் என்னும் வாழைகளும் அப்படியே. நம் உழவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தனர். அப்பெயர்கள் அனைத்துக்கும் பொதுவான பெயரை ஒரு பேராசிரியர் வைத்தார். பெயரற்றது கவனிக்கப்படாது, கவனிக்கப்படாதது காலப்போக்கில் அழியும். சொல்லாக்கம் அலுவலகச் சடங்கன்று, காக்கும் தொழில் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த வேறு சான்று வேண்டியதில்லை.

மறுப்புக்கு விடை

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. கிராமத்து இளைஞர் நகருக்குப் பெயர்வதை அவருடைய ஆணையத்தால் தடுக்க முடியவில்லை. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அமெரிக்க மக்களுள் நகரத்தார் பாதிக்கு மேலாயினர். முள்ளம்பழச் செடிகளை அவர் அளவுக்கு மீறிப் பல இனங்களாகப் பிரித்தார் என்று பின்வந்த அறிஞர்கள் பலவற்றை ஒன்றாக்கினர். 55 வயதில் பதவி துறக்க நூல்களின் வருவாய் அவருக்குத் துணைநின்றது. மாதச் சம்பளத்தை நம்பிய ஆசிரியர் எவ்வாறு துறப்பது என்ற கேள்வியும் நியாயமானதே.

நாம் யாரையும் பதவி துறக்கச் சொல்லவில்லை. பதவியிலிருக்கும்போதே துறையைத் துறந்துவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பெய்லி தலைமைப் பொறுப்பிலிருந்த பத்தாண்டுகளிலும் எழுதினார். வேளாண்மைக்கான நான்கு தொகுதிக் கலைக்களஞ்சியம் 1907க்கும் 1909க்கும் இடையே, அந்தப் பொறுப்பின் நடுவில்தான் வெளிவந்தது. அதனாலேயே பதவி நீங்கிய மறுநாள் அவர் செல்வதற்கு ஓர் இடம் இருந்தது. துறையை மறந்துவிட்டவருக்குப் பதவிக்குப் பின் செல்வதற்கு இடமில்லை. அதனால்தான் பலர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றனர். பதவி ஆசை என்று நாம் இகழ்வதில் பாதி, திரும்பிச் செல்ல இடமில்லாதவரின் அச்சமே.

ஆகவே நிர்வாகப் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்று. துறைத்தலைவரையும் முதல்வரையும் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் வகுப்பும், ஆண்டில் சில வாரங்களேனும் ஆய்வும் எஞ்சியிருக்குமாறு பொறுப்புகளைப் பகிர்ந்தளியுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. விழா மேடையில் பதவியேற்பைப் பாராட்டுவது போலவே, பதவி முடித்து வகுப்பறைக்குத் திரும்புபவரையும் பொன்னாடை போர்த்திப் பாராட்டுங்கள். திரும்புதல் தாழ்வன்று என்ற மரபு அப்போதுதான் வேரூன்றும். மாணவர்களுக்கும் ஒன்று. எந்த வேலை உயர்ந்தது என்று ஊரார் சொல்வதைக் கேட்டுத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரார் தாழ்ந்ததென்று கருதிய தோட்டக்கலையைத் தேர்ந்தெடுத்த ஒருவர், அத்துறையின் தகுதியையே உயர்த்திக் காட்டினார். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று உங்களைக் கேட்பவர்களுக்கு நீங்கள் சொல்லத்தக்க விடையும் அதுவே: நம்மால் இத்துறைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்திருந்து பாருங்கள்.